பத்துக்கு எத்தனை

பிப்ரவரி 5, திங்கள்

இது என் மகள் தன்சியின் தமிழ் நோட்டு. ஆறாம் வகுப்பு. பதினேழு பக்கம் எழுதியிருக்கிறாள், மீதி வெறுமனே கிடந்தது. வேறு நோட்டு வாங்கியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா சிஸ்டர், "வீட்டுல நோட்டு எதாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டபோது வாய் தானாக "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டது.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுதிப் பல வருஷம் ஆகிறது. எழுத்தில் சந்தேகம் வந்தால் முன்பக்கம் புரட்டி, தன்சி எப்படி எழுதியிருக்கிறாள் என்று பார்த்துக்கொள்கிறேன். 'மாத்திரை'கூட அவள் நோட்டில் இருக்கிறது. 'குறில் எழுத்துக்கு மாத்திரை ஒன்று. நெடில் எழுத்துக்கு மாத்திரை இரண்டு.' அது வேறு மாத்திரை போல.

எங்கள் வீட்டு மாத்திரை வெள்ளை. என் வீட்டுக்காரர் செங்கோடன் ரிக் வண்டியில் தண்ணீருக்குப் போர் போடுகிற வேலையில் இருந்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் வடக்கே ஏதோ ஒரு ஊரில் இரும்புக் குழாய் நழுவி இடுப்பில் விழுந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். வலிக்கு ஒரு மாசம் சாப்பிடச் சொன்ன மாத்திரையை எட்டு வருஷமாக விழுங்குகிறார். இரண்டில் ஆரம்பித்து இப்போது நாளைக்கு எட்டு. பழைய சீட்டைக் காட்டியும் காட்டாமலும் மருந்துக்கடையில் வாங்கி வந்தவள் நான்தான்.

டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சொன்னார்கள். "ஒரேயடியா நிறுத்தினா வலிப்பு வந்துரும். படி எறங்குற மாதிரி ஒவ்வொண்ணாத்தான் குறைக்கோணும். அஞ்சாறு மாசம் ஆகும். உங்களுக்குச் சம்மதமா?"

அவர் என்னைப் பார்த்தார். "சம்மதமுங்க" என்றார்.

தினமும் எத்தனை மாத்திரை, தூக்கம், சாப்பாடு, வயிறு, அப்புறம் வலி பத்துக்கு எத்தனை, எல்லாம் கேட்டு எழுத வேண்டும் என்று சிஸ்டர் சொன்னார்கள். மாத்திரை டப்பா என்னிடம்தான் இருக்க வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது, "பத்துக்கு எத்தனைன்னா என்ன புள்ள?" என்று கேட்டார்.

"மார்க்குங்க. தன்சிக்கு டீச்சர் போடுவாங்கல்ல, பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒம்பதுன்னு. அது மாதிரி."

"அப்ப எனக்கு அஞ்சு போடு. சுமாரான பையன்."

மாத்திரை 7. பத்துக்கு 5.

பிப்ரவரி 6, செவ்வாய்

மாத்திரை 7. பத்துக்கு 5. பச்சைப்பயிறு கடைந்தேன், சாப்பிட்டார்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் தொடர்ந்து பதினொரு தும்மல். இந்த எட்டு வருஷத்தில் அவர் தும்மி நான் கேட்டதே இல்லை. அவருக்கே ஆச்சரியம்.

"ஏம்புள்ள, இதெல்லாம் எங்க இருந்துச்சு உள்ள?"

"மாத்திரை அமுக்கி வெச்சிருந்துச்சுங்க. சிஸ்டர் சொன்னாங்க, வரும்னு."

"இன்னும் என்னென்ன வருமோ."

பத்துக்கு 4.

பிப்ரவரி 14, புதன்

எனக்குத் தறிப்பட்டறையில் தார் சுற்றுகிற வேலை. பெரிய கோனிலிருந்து நூலைச் சின்னச் சின்ன தாரில் சுற்றிக் கொடுத்தால் அது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகும். இருபத்து நான்கு தறி ஓடுகிற இடம். பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் கேட்காது. அதனால் எனக்கு அந்த இடம் பிடிக்கும். தன்சி போன பிறகு ஒரு வருஷம் முழுக்க அங்கேதான் அழுதேன். பக்கத்துத் தார்க்காரி மல்லிகாக்கா மட்டும் வாயசைவை வைத்துக் கண்டுபிடித்துவிடும்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா கேட்டது. "ஏனம்மிணி, அந்த மனுசன் பாட்டுக்கு மாத்திரையத் தின்னுட்டுக் கெடந்தா உனக்கென்ன நட்டம்? வேலைக்கா போகப்போறாரு?"

"முழிச்சிருக்கோணுமுங்க்கா."

"எதுக்கு?"

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போனேன்.

எதுக்கு என்று இங்கே எழுதுகிறேன். தன்சி போய்ப் பதினாறு மாசம் ஆகிறது. டெங்கு. பதினொரு வயசு. துக்க வீட்டில் ஆம்பளைகள் வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டுவார்கள். வருகிறவர்கள் அந்தக் கையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கு எங்கள் வாசலில் என் கொழுந்தனார் நின்று கை நீட்டினார். பெற்ற தகப்பன் நாற்காலியில் தலை தொங்கிப்போய்க் கிடந்தார். வந்தவர்கள் குனிந்து, மடியில் கிடந்த கையைத் தொட்டுவிட்டு வந்தார்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வருஷ திதியன்றும் படையலுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்த மனுசனை முழிக்க வைக்காமல் விடுவதில்லை என்று.

மாத்திரை 7. பத்துக்கு 4.

பிப்ரவரி 19, திங்கள்

இன்றிலிருந்து 6.

பிப்ரவரி 23, வெள்ளி

வயிற்றுப்போக்கு. மோர் கொடுத்தேன். மூக்கு ஒழுகுகிறது, கையெல்லாம் மயிர்க்கூச்செறிகிறது. கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, சைக்கிள் மிதிக்கிற மாதிரி படுக்கையில் மிதிக்கிறார்.

"எங்க போறீங்க இத்தன வேகமா?"

"மருந்துக்கடைக்கு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார்.

பத்துக்கு 3.

மார்ச் 4, திங்கள்

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, "அஞ்சு, நாலு, மூணு. பரவால்லையே, வேகமா எறங்குதே!" என்றார்கள். அவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "பரவால்லைங்க" என்றார். எங்கள் ஊர் ஆம்பளை, வண்டியில் அடிபட்டுக் கிடந்தாலும் பரவால்லைங்க என்றுதான் சொல்வான்.

"அப்ப இன்னும் வேகமா குறைக்கலாம். இன்னிக்கே நாலு. அடுத்த வாரம் மூணு" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மார்க் குறையக் குறைய மாத்திரையையும் குறைக்கிறார்களே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. படிக்காத பிள்ளையை டீச்சர் இன்னும் இறுக்கிப் பிடிப்பது போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரைக் கேள்வி கேட்க நமக்கென்ன தெரியும்.

மார்ச் 7, வியாழன்

மாத்திரை 4. பத்துக்கு 2. ரசம் சோறு, வாந்தி.

மார்ச் 11, திங்கள்

மாத்திரை 3. பத்துக்கு 1.

மார்ச் 13, புதன்

வேலைக்குப் போகவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு குடு சாந்தா. ஒண்ணே ஒண்ணு. அரையாச்சும்" என்று கேட்டார். என் முழுப் பெயர் சாந்தாமணி. கல்யாணமான புதிதில் மட்டும்தான் சாந்தா என்று கூப்பிடுவார்.

"இல்லீங்."

"உனக்கு இரக்கமே இல்லையா?"

"இல்லீங்."

டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பானை மேல் உட்கார்ந்த பொம்பளையைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மார்ச் 15, வெள்ளி

காலையில் பீரோவுக்கு அடியில் விழுந்த துண்டை எடுக்கக் குனிந்தவர் தன்சியின் ஒற்றைச் செருப்பை எடுத்தார். ஊதாப் பூ வைத்தது. இன்னொன்று எங்கே போனதென்று தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு சத்தம் வந்தது. மாடு கத்துகிற மாதிரி. எனக்கு முதலில் இடுப்பு வலி என்றுதான் பட்டது.

"என்ற புள்ள... என்ற புள்ள எங்க புள்ள?" என்று என்னைக் கேட்டார்.

பதினேழு மாசம் கழித்துக் கேட்கிறார்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "அழுவுங்க, நல்லா அழுவுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டேன். போகிற வழியெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ சந்தோஷம் மாதிரி இருந்தது. எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

நேற்றும் இன்றும் பத்துக்கு 0. இதற்குக் கீழே மார்க் இல்லை. அழுகையும் நிற்கவில்லை, நடுக்கமும் நிற்கவில்லை. "என்னால ஆகாது, என்னை உட்டுரு" என்றார். சொன்ன விதம் சரியில்லை. அவரது வேட்டி, கயிறு எல்லாவற்றையும் எடுத்து மல்லிகாக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தேதி சொல்லாவிட்டாலும் போகிறேன்.

மார்ச் 18, திங்கள்

சிஸ்டர் நோட்டைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அட, பூஜ்யமா? ரெண்டு நாளா பூஜ்யம்! அண்ணா, கலக்கிட்டீங்க!" என்று கையைத் தட்டினார்கள்.

பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஃபெயிலானதுக்கா இவங்க கை தட்டறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

சிஸ்டர் அவரைப் பார்த்தார்கள். நோட்டைப் பார்த்தார்கள். "அக்கா, பூஜ்யம்னா என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"ரொம்ப மோசமுங்க. மார்க்கே இல்லீங்க."

"பத்துன்னா?"

"பத்துன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தமுங்க." தன்சி எழுதிய பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். சிவப்பு மையில் 8/10, அதன் கீழே 'நன்று'.

சிஸ்டர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார்கள். வலியே இல்லாவிட்டால்தான் பூஜ்யமாம். தாங்கவே முடியாத வலிக்குப் பத்தாம். நான் ஒரு மாசத்துக்கு மேலாகத் தலைகீழாக எழுதியிருக்கிறேன். வலி ஏற ஏற, இறங்குகிறது என்று நினைத்து அவர்கள் மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள்.

எனக்கு உட்கார இடம் தெரியவில்லை. "நான் படிக்காதவளுங்க" என்றேன்.

டாக்டரம்மா, "நானும் நோட்டத்தான் பாத்தேன், மூஞ்சியப் பாக்கல" என்றார்கள். அவரிடம், "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல, பரவால்லைங்கன்னுட்டீங்களே!"

"பூஜ்யம் எடுத்தாத்தான் பாஸுன்னா, நானெல்லாம் அந்தக் காலத்துலயே காலேஜுக்குப் போயிருப்பனுங்க" என்றார். பல் கடகடவென்று அடித்துக்கொள்ள இதைச் சொன்னார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுபடி ஐந்துக்கு ஏற்றச் சொன்னார்கள். மூன்று வாரம் அப்படியே இருக்க வேண்டும். இறங்கினதெல்லாம் வீணா என்று எனக்கு அழுகை வந்தது. அவர்தான் டாக்டரம்மாவுக்கு விளக்கினார். "இளமண்ணுல வேகமா போர் எறக்குனா குழி சரிஞ்சு மூடிக்குமுங்க. நிறுத்திக் கேசிங் குழாய் போட்டுட்டுத்தான் மேல எறக்கோணும். அது மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான்" என்றார்கள். அழுகை வருவதற்கும், மனசு விட்டுப்போவதற்கும் தனியாக ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். இவர் அந்த டாக்டரோடு முக்கால் மணி நேரம் உள்ளே பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

மாத்திரை 5.

மார்ச் 21, வியாழன்

நடுக்கம் நின்றது. இட்லி மூன்று. இனிமேல் சிஸ்டர் கணக்குப்படி எழுத வேண்டும், வலிக்கு 6. ஆனால் இவருக்கு மார்க்கை விட மனசில்லை.

"வலிக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு. ரெண்டும் எழுது."

"சரிங், ஆளுக்கு எத்தன?"

"மூணு. தேறுவான் போலத்தான் இருக்கு."

வலிக்கு 6. ஆளுக்கு 3.

ஏப்ரல் 8, திங்கள்

மாத்திரை 4. வேட்டியை மல்லிகாக்கா வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். "தொவச்சு மடிச்சு வெச்சிருக்கேன், கூலி குடு" என்றது அக்கா.

ஏப்ரல் 21, ஞாயிறு

இவரோடு ரிக் வண்டியில் இருந்த நாச்சிமுத்தண்ணன் வந்தார். முறுக்குப் பொட்டலம் கொடுத்தார். "ஏஞ்செங்கோடா, தங்கச்சி உன்னையப் பட்டினி போடுதாமா?" என்று கேலி பேசினார். டீ குடித்தார், போனார்.

வலிக்கு 6. ஆளுக்கு 4.

ஏப்ரல் 25, வியாழன்

வேலை முடிந்து வந்ததும் என் கையில் ஒரு மாத்திரை அட்டையை வைத்தார். அதே வெள்ளை மாத்திரை. நாச்சிமுத்தண்ணன் கொண்டுவந்த முறுக்குக்குள் இருந்ததாம். கூட்டாளி கஷ்டப்படுகிறானே என்று கொண்டுவந்திருக்கிறார், பாவம்.

"நாலு நாளா தன்சி பள்ளிக்கூடப் பைக்கட்டுல வெச்சிருந்தேன். எண்ணிப் பாரு. பத்தும் இருக்கும்."

"எண்ண வேண்டாமுங்க."

"எண்ணு புள்ள."

எண்ணினேன். பத்தும் இருந்தது.

"அந்தப் பைக்கட்டத் தொறக்கற ஒவ்வொரு வாட்டியும் அவ புஸ்தகந்தான் கைல வந்துச்சு" என்றார்.

ஆளுக்கு 7. நானே போட்டேன்.

ஏப்ரல் 29, திங்கள்

மாத்திரை 3. வெயில் தாங்க முடியவில்லை.

மே 12, ஞாயிறு

இன்று அவர் சமையல். தக்காளி ரசமும் முட்டைப் பொரியலும். ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். சொல்லாமல் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டார். "அன்னிக்கு நான் எத்தன போட்டேன்?"

எந்த அன்னிக்கு என்று நான் கேட்கவில்லை.

"காலைல ரெண்டுதான போடுவேன் அப்பெல்லாம்? ரெண்டு போட்டா எனக்கு அப்படித் தூக்கம் வராது. மறந்துட்டு மறுபடி போட்டுட்டனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒண்ணுமே வெளங்கல. புள்ள கூப்பிட்டிருப்பாளா சாந்தா?"

"எனக்கெப்படித் தெரியுமுங்க? நான் தறியில இருந்தேன்."

பாத்திரம் எல்லாவற்றையும் கழுவினேன். கழுவி வைத்திருந்ததையும் எடுத்துக் கழுவினேன்.

வலிக்கு 5. ஆளுக்கு அவர் போட்டுக்கொண்டது 1. ஏன் என்று கேட்டேன். "நான் போட்ட மாத்திரைதான அவளக் கொன்னுச்சு" என்றார்.

மே 20, திங்கள்

மாத்திரை 2.

மே 22, புதன்

மல்லிகாக்கா தறி ஓடும்போது வாயசைவில் கேட்டது, என்ன வெசனம் என்று. தலையை ஆட்டினேன். இவர் மாத்திரையிலிருந்து இறங்கி வரும்போது பார்த்துச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தேன். முழித்து எழுந்து நிற்கிற மனுசன் எல்லாப் பழியையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அதுதான் வெசனம். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூன் 10, திங்கள்

மாத்திரை 1. பள்ளிக்கூடம் திறந்தார்கள். புதுச் சீருடையில் பிள்ளைகள் போவதை ஜன்னலில் நின்று கடைசிப் பிள்ளை போகும்வரை பார்த்தார். நான் பார்க்கவில்லை. பிறகு தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார். ஊன்றுகோலோடு நூற்றுப் பத்து அடியாம்.

வலிக்கு 6. ஆளுக்கு 2.

ஜூன் 24, திங்கள்

டாக்டரம்மா, "இனி அரை. ரெண்டு வாரம். அப்புறம் இல்ல" என்றார்கள். மாத்திரையைக் கத்தியால் பாதியாக நறுக்குகிறேன்.

தன்சி நோட்டில் அதுவும் இருக்கிறது. 'மெய் எழுத்துக்கு மாத்திரை அரை.' இன்று அதை மூன்று தடவை படித்தேன்.

ஜூலை 8, திங்கள்

மாத்திரை இல்லை.

ஜூலை 11, வியாழன்

மாத்திரை இல்லை. கொட்டாவி, தும்மல், கால் குடைச்சல், அவ்வளவுதான். இடுப்பு வலி இருக்கிறது, அது போகாதாம். தகடு தகடுதான். அதற்கு உடற்பயிற்சியும் வேறு சாதாரண மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். வலிக்கு 6. ஆளுக்கு மார்க் வேண்டாம் என்றுவிட்டார்.

மீந்த வெள்ளை மாத்திரையும் நாச்சிமுத்தண்ணன் அட்டையும் டப்பாவில் இருக்கின்றன. அடுத்த தடவை போகும்போது சிஸ்டரிடம் கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

முதலில் இங்கே எழுதுகிறேன். எழுதிப் பார்த்துவிட்டு அவரிடம் சொல்கிறேன்.

அன்றைக்குத் தன்சிக்கு நான்காவது நாள். மூன்று நாள் அனலாகக் கொதித்த காய்ச்சல் விடிந்ததும் விட்டிருந்தது. டெங்கில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்து என்று எனக்குத் தெரியாது. பிள்ளை அசந்து தூங்கட்டும் என்று நினைத்தேன். ஒரே அறை. இவர் காலையில் முனகிக்கொண்டே புரண்டார். அவர் முனகினால் பிள்ளை முழித்துக்கொள்ளும். வழக்கமாகக் காலையில் இரண்டு. நான் நான்கு கொடுத்தேன். அவர் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார், நான் எது கொடுத்தாலும் பார்க்க மாட்டார். "நீ போம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் தன்சி. போனேன். சாயங்காலம் வந்தபோது, பிள்ளை அவர் பக்கத்தில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கை கால் சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விடிவதற்குள் போய்விட்டாள்.

நான்கு. நான் கொடுத்தது.

எழுதிவிட்டேன். கூப்பிடுகிறார். போகிறேன்.

அதே நாள், பிறகு

சொன்னேன். சோறு போட்டு வைத்துவிட்டுச் சொன்னேன். அவர் சாப்பிடவில்லை.

"இத்தன நாள் இல்லாம இப்ப எதுக்குச் சொல்ற?" என்று கேட்டார்.

"மாத்திரை இல்லாம நீங்க கேக்கோணும்னுதானுங்க."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். நான் சோற்றை மூடி வைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

பேசவில்லை. நான் வைத்த டீயைக் குடித்தார்.

வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவைப் பையில் போட்டேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். டப்பாவை அலமாரியில், அவர் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடையது. எத்தனை என்று முடிவு செய்கிற வேலையை நான் ஒரு தடவை செய்தது போதும்.

இன்று முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்தது. மேஸ்திரி திட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் டப்பா வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. திறந்து பார்க்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

ஜூலை 16, செவ்வாய்

சாயங்காலம் தறி விட்டு வந்தேன். தூரத்திலிருந்தே பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் அவர் நிற்கிறார். வெள்ளை வேட்டி. ஊன்றுகோல் கையில் இல்லை, கதவோரம் சாய்த்து வைத்திருக்கிறது. தோளை நிலையில் முட்டுக் கொடுத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

யாரோ போய்விட்டார்கள் என்று ஒரு கணம் பதறிவிட்டேன். பிறகுதான் விளங்கியது, யாருக்காக நிற்கிறார் என்று.

எத்தனை நேரமாக நின்றாரோ. முகமெல்லாம் வேர்வை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். கையை மட்டும் இறக்கவில்லை.

ஆம்பளை நீட்டுகிற கையை ஆம்பளைகள்தான் தொடுவார்கள். பொம்பளைகள் பொம்பளைகளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அந்தக் கையைத் தொட்டேன். தொட்டுவிட்டு எடுக்க முடியவில்லை, பிடித்துக்கொண்டார்.

"நீ குடுத்தே" என்றார். "நான் வாயத் தொறந்தேன். எத்தனைன்னு ஒரு வார்த்தை கேக்கல. எட்டு வருசத்துல ஒரு நாளும் கேக்கல."

அப்புறம் இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதோம். தறிச் சத்தம் இல்லாமல் தன்சிக்காக நான் அழுவது இதுதான் முதல் தடவை. எதிர்வீட்டம்மா வந்து என்னவென்று கேட்டார்கள். "எங்க தன்சி போயிருச்சுங்க" என்றார் அவர். புதிதாக நடந்தது போலச் சொன்னார். அந்தம்மாவும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

உள்ளே வந்து டப்பாவைத் திறந்து எண்ணச் சொன்னார். எண்ணினேன். குறையவில்லை.

"வலிக்கு எத்தனைங்க?"

"எட்டு. நின்னு நின்னு இடுப்புப் போச்சு."

"ஆளுக்கு?"

"எட்டுப் போட்டுக்க." பேனாவை என் கையிலிருந்து வாங்கினார். "உனக்கு இன்னிக்கு நான் போடறேன்."

நோட்டை மடியில் வைத்து, தன்சி எழுதிய பக்கத்தைப் புரட்டி, டீச்சரின் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். கோணல் மாணலாக இருக்கிறது. மாத்திரை இல்லை, வலிக்கு 8, ஆளுக்கு 8 என்று நான் எழுதியதற்குக் கீழே:

சாந்தாமணி 8/10 நன்று

"மிச்சம் ரெண்டு மார்க்கு எங்கீங்க?" என்றேன்.

"அந்த ரெண்டு மாத்திரைக்கு" என்றார்.

சரியான மார்க்குதான்.